போயிட்டு வர்றேன் என்று சொல்லுங்கள்

அத்தியாயம் 6: ஜப்பானில் ஹோஸ்ட் குடும்பத்தோடு வாழ்தல்

வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள். ‘போயிட்டு வர்றேன்னு சொல்லு’ என்று திருத்துவார்கள். ஜப்பானிலும் இதே வழக்கம் உண்டு. செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்று ‘இத்தெகிமஸ்’ என்பார்கள். அதன் நேர்ப்பொருளும் ‘போய் வருகிறேன்’ என்பதுதான். உள்ளே இருப்பவர் ‘இத்தெராஷ்ஷாய்’, அதாவது போய் வா என்று பதில் தருவார். மாலையில் திரும்பியதும் ‘ததைமா’ என்றால் வந்துவிட்டேன். ‘ஒகாயெரி’ என்றால் வந்தாயா, வா.

ஓராண்டு தங்கப் போகும் மாணவர் விமானம் ஏறுமுன் நான்கு சொற்களைத்தான் கற்க முடியும் என்றால், இந்த நான்கையே கற்கச் சொல்வேன். ஜப்பானிய வீட்டில் வாழ்வதற்கான விதிகள் பலவும் இவற்றுக்குள் அடங்கிவிடும். போகும்போது சொல்லுங்கள், வரும்போது சொல்லுங்கள், தாமதமானால் சொல்லுங்கள், பிடிக்காவிட்டால் சொல்லுங்கள்.

நான் இதைக் கற்றது ஒரு மழை நாளில். பதினேழு வயதில் ஷிஸுவோகா மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு குடும்பத்தோடு பரிமாற்ற மாணவராகத் தங்கியிருந்தேன். வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பள்ளி முடிந்ததும் வகுப்புத் தோழிகள் புத்தகக் கடைக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். ஊர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது மணி ஏழே முக்கால். டிக்கெட் கேட்டுக்கு வெளியே ஹோஸ்ட் அம்மா இரண்டு குடைகளோடு நின்றிருந்தார். ஒன்று விரித்திருந்தது, இன்னொன்று எனக்காக மடித்துக் கையில் இருந்தது. அவருடைய கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. ஆறரை மணி ரயிலிலிருந்து ஒவ்வொரு ரயிலாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். கோபப்படவில்லை, ‘ஒகாயெரி’ என்றார். வீட்டுக்குப் போனால் மேசையில் ஐந்து தட்டுகள், ஐந்தின் மேலும் பிளாஸ்டிக் உறை. ஒருவரும் சாப்பிட்டிருக்கவில்லை, எட்டு வயதுத் தம்பிகூட.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் போனதில் தப்பே இல்லை. ‘எட்டு மணிக்கு வருவேன்’ என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் அவர்கள் சந்தோஷமாக அனுப்பியிருப்பார்கள். அனுப்பாமல் இருந்ததுதான் பிழை.

அவர்கள் ஏன் உங்களை ஏற்றுக்கொண்டார்கள்?

ஏஎஃப்எஸ், ரோட்டரி போன்ற அமைப்புகளின் பரிமாற்றத் திட்டங்களில் ஹோஸ்ட் குடும்பங்கள் தங்கள் விருப்பத்தின்பேரில் மாணவரை ஏற்கின்றன. உங்களை வைத்துக்கொள்வதற்காக அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஏஎஃப்எஸ் அமைப்பின் தொடக்கமே இந்த மனநிலைதான். அதைத் தொடங்கியவர்கள் முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை ஏற்றிச் செல்ல முன்வந்த ஆம்புலன்ஸ் தொண்டர்கள். இரண்டாம் உலகப் போரும் முடிந்தபின், பகைநாட்டுப் பிள்ளைகள் ஒரே வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தால் போர் குறையும் என்று நம்பி, 1947-இல் பள்ளி மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கினார்கள். ஜப்பான் அரசு 2018-இல் தொடங்கிய ஆசிய காகெஹாஷி என்ற பரிமாற்றத் திட்டத்தில் இந்திய மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். ‘காகெஹாஷி’ என்றால் பாலம்.

ஆகவே நீங்கள் போவது விடுதிக்கு அல்ல, ஒரு குடும்பத்துக்கு. விடுதியில் பணம் கொடுத்ததால் கேட்கலாம். விருந்தாளியாகப் போனால் உட்கார்ந்த இடத்தில் எல்லாம் வரும். ஹோஸ்ட் வீட்டில் நீங்கள் இரண்டும் இல்லை, பிள்ளை. பிள்ளைக்கு உள்ள உரிமையும் உண்டு, வேலையும் உண்டு. முதல் வாரத்திலேயே ‘ஒகாசான்’ (அம்மா), ‘ஒதோசான்’ (அப்பா) என்று கூப்பிடலாமா என்று கேளுங்கள். சிலர் பெயரோடு ‘சான்’ சேர்த்து அழைப்பதையே விரும்புவார்கள். எதுவானாலும் வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.

வாசலில்

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது நமக்குப் பழக்கம்தான். ஆனால் அங்கே அதற்குப் படிகள் உண்டு. வாசலுக்கு உள்ளே தாழ்வாக இருக்கும் பகுதிக்குக் கென்கான் என்று பெயர். அங்கே செருப்பைக் கழற்றி, வெறுங்காலை அந்தத் தரையில் வைக்காமல் நேராக மேல்தளத்தில் ஏற வேண்டும். பிறகு திரும்பி, செருப்பின் முனை வாசலைப் பார்க்கும்படி ஒதுக்கி வைக்க வேண்டும். வீட்டுக்குள் ஸ்லிப்பர் போட்டுக்கொள்ளலாம். ததாமி எனும் கோரைப்பாய்த் தளம் உள்ள அறைக்குள் ஸ்லிப்பரும் கூடாது. பல வீடுகளில் கழிவறைக்கென்று தனி ஸ்லிப்பர் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடாதீர்கள்.

குளியல்

தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஒஃபுரோ எனப்படும் தொட்டி உடம்பு தேய்த்துக் குளிப்பதற்கு அல்ல. தொட்டிக்கு வெளியே சிறிய முக்காலியில் உட்கார்ந்து சோப்பு, ஷாம்பு போட்டு, நுரை ஒரு துளிகூட இல்லாமல் அலசிய பிறகே தொட்டிக்குள் இறங்க வேண்டும். உள்ளே 40 முதல் 42 டிகிரி வரை சூடான நீர் இருக்கும். சும்மா உட்கார்ந்து களைப்பாற வேண்டியதுதான். அதே நீரில்தான் வீட்டில் எல்லாரும் ஒருவர்பின் ஒருவராக இறங்குவார்கள். நீண்ட கூந்தல் உள்ளவர்கள் முடியை உயர்த்திக் கட்டிக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் நம் கை தானாக அடைப்பானை இழுக்கப் போகும். இழுக்காதீர்கள். மூடி போட்டு வையுங்கள், அடுத்தவர் காத்திருப்பார். எல்லாரும் குளித்த பிறகும் பல வீடுகளில் நீரை உடனே விடுவதில்லை. சிறிய பம்பு வைத்து மறுநாள் துணி துவைக்க அதை வாஷிங் மெஷினுக்கு ஏற்றுவார்கள்.

இங்கே நமக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. தேங்காய் எண்ணெய் தடவிய தலையோடு தொட்டியில் இறங்கினால் நீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கும். தலையணை உறையிலும் கறை படியும். எண்ணெய் வைத்தே தீர வேண்டும் என்றால் சில சொட்டு போதும். தலையணைமேல் ஒரு துண்டு விரித்துக்கொள்ளுங்கள். வாராவாரம் எண்ணெய்க் குளியல் எடுக்கும் பழக்கத்தை ஊர் திரும்பும்வரை ஒத்திவையுங்கள்.

சாப்பாடு

சாப்பிடத் தொடங்குமுன் கைகூப்பி ‘இத்தாதகிமஸ்’ என்றும், முடித்தபின் ‘கோச்சிசோசமா’ என்றும் சொல்வார்கள். ஆக்கிப் போட்டவருக்கும், உணவாகிய உயிர்களுக்கும் சேர்த்துச் சொல்லும் நன்றி அது. சோற்றில் சாப்பிடும் குச்சியை நேராகக் குத்தி நிறுத்தாதீர்கள், அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றாதீர்கள். தகனத்துக்குப் பின் எலும்பு எடுக்கும் சடங்கில்தான் அப்படிச் செய்வார்கள். கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடுவது அங்கே நல்ல பழக்கம்.

சைவர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. ‘நான் வெஜிடேரியன்’ என்ற சொல் ஜப்பானில் போதாது. காய்கறி மட்டும் போட்ட மிசோ சூப்பிலும் தாஷி என்ற சாறு இருக்கும். பெரும்பாலும் அது காயவைத்துச் சீவிய மீனிலிருந்து எடுத்தது. கடைகளில் கட்டியாக விற்கும் ஜப்பானியக் கறிக் கலவை பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ கலந்திருக்கும். அதனால் போவதற்கு முன்பே உங்கள் எல்லையை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். முட்டை உண்டா? மீன் துண்டு கூடாது, மீன் சாறு பரவாயில்லையா? மாடு மட்டும் கூடாதா? எதைச் சாப்பிடுவீர்கள், எதைச் சாப்பிடமாட்டீர்கள் என்று இரண்டு பத்திகளாக எழுதி, விண்ணப்பப் படிவத்திலேயே சேருங்கள். கொம்பு என்ற கடற்பாசியிலும் ஷீத்தாகே காளானிலும் தாஷி எடுக்க முடியும். முன்கூட்டிச் சொன்னால் ஹோஸ்ட் அம்மா அதைச் செய்வார். ஒரு மாதம் மீன் சாற்றை மௌனமாகக் குடித்துவிட்டு, பிறகு அழுதுகொண்டு சொன்னால் அவருக்கு அது பெரிய வருத்தம்.

மதிய உணவுக்குப் பென்தோ டப்பா கொடுத்துவிடுவார். அதைத் தயாரிக்க அதிகாலையில் எழுந்திருப்பார். மாலை வீட்டுக்கு வந்தவுடன் டப்பாவைப் பையிலிருந்து எடுத்துக் கழுவி வையுங்கள். வெள்ளிக்கிழமை டப்பா திங்கள்வரை பையிலேயே கிடக்கக் கூடாது. கழுவும்போது ‘இன்று அந்த முட்டைச் சுருள் நன்றாக இருந்தது’ என்று குறிப்பிட்டு ஒன்றைப் பாராட்டுங்கள். பொதுவான நன்றியைவிட இந்த ஒரு வரி அவர் மனதில் நிற்கும்.

ஒருநாள் நீங்களும் சமையுங்கள். எண்ணெயில் கடுகு போட்டால் அடுப்பைச் சுற்றித் தெறிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. மின்விசிறியைப் போட்டு, தாளிக்கும்போது மூடி வைத்து, முடித்ததும் அடுப்பையும் சுவரையும் துடைத்துவிடுங்கள். மிஞ்சிய எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். செய்தித்தாளில் ஊறவைத்துக் குப்பையில் போடுவார்கள். காரத்தை நம் அளவில் கால்பங்காக்குங்கள். உருளைக்கிழங்குப் பொடிமாஸ், பருப்பு, மிளகு ரசம் போதும். இங்கிருந்து பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகாதீர்கள். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தில் அனுமதிக்கமாட்டார்கள். மிக்ஸியும் வேண்டாம். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட். சளி மாத்திரைகளையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுசெல்வது சட்டப்படி குற்றம்.

வீட்டு வேலை

‘ஏதாவது உதவட்டுமா?’ என்று தினமும் கேட்டால் தினமும் ‘வேண்டாம், பரவாயில்லை’ என்றே பதில் வரும். அதைவிட ‘இனி இரவில் பாத்திரம் துடைக்கிற வேலை என்னுடையது’ என்று ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குப்பை நல்ல தேர்வு. எரியும் குப்பை, பிளாஸ்டிக், டப்பா, கண்ணாடி என்று ஊருக்கு ஊர் வேறுபட்ட பிரிவுகளும் கிழமைகளும் உண்டு. அட்டவணை பெரும்பாலும் சமையலறையில் ஒட்டியிருக்கும். பாட்டிலின் மூடியையும் லேபிளையும் கழற்றி, அலசிப் போட வேண்டும். இந்த அட்டவணையைப் படிக்கக் கற்றால் நூறு ஜப்பானிய எழுத்துகளும் கூடவே வந்துவிடும்.

குளிர்காலத்தில் பல வீடுகளில் முழு வீட்டையும் சூடாக்கமாட்டார்கள். ஆள் இருக்கும் அறை மட்டும்தான் சூடாக இருக்கும். கூடத்தில் கொத்தாட்சு என்ற தாழ்வான மேசையின் அடியில் சூடேற்றி இருக்கும். அதன்மேல் விரித்த மெத்தைப் போர்வைக்குள் கால் நீட்டி எல்லாரும் உட்காருவார்கள். குளிருக்குப் பயந்து உங்கள் அறையில் ஹீட்டரைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். கொத்தாட்சுக்கு வாருங்கள். ஆரஞ்சு உரித்துக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் பேச்சு வளரும்.

மொழியும் மௌனமும்

தமிழ் பேசுபவருக்கு ஜப்பானிய வாக்கிய அமைப்பு அந்நியமாக இருக்காது. வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபுபோல் சொல்லுக்குப் பின்னால் ஒட்டு வரும். தமிழில் நினைத்து, சொற்களை மாற்றிப் போட்டாலே பாதி வாக்கியம் சரியாக அமைந்துவிடும். மரியாதைக்கு வேறு வினைவடிவம் என்பதும் நமக்குப் புதிதல்ல.

கடினமானது சொல்லாமல் விடுவதைப் புரிந்துகொள்வது. ‘அது ச்சொட்டோ...’ என்று இழுத்து நிறுத்தினால், முடியாது என்று பொருள். நாம் ‘பார்க்கலாம்’ என்று சொல்லி மறுப்பதைப் போலத்தான். அங்கே மேலும் வற்புறுத்தாதீர்கள். ஆனால் நீங்கள் தெளிவாகப் பேசுங்கள். நம் ஊரில் முதல் இரண்டு தடவை ‘வேண்டாம்’ என்றாலும் மூன்றாம் தடவை தட்டில் வைத்துவிடுவார்கள். அங்கே நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். பசித்தால் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

மூன்றாம் மாதம்

கனடாவில் பிறந்த மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1954-இல் ரியோ டி ஜெனிரோவில் ஆற்றிய உரையில், புது நாட்டுக்குப் போகிறவர் படும் பண்பாட்டு அதிர்ச்சியைக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். முதலில் எல்லாம் தேனாக இனிக்கும், பிறகு எல்லாம் எரிச்சலூட்டும், பிறகு மெல்லத் தெளியும், கடைசியில் பழகிவிடும். எரிச்சல் கட்டம் வரும்போது அது உங்கள் குறை என்றோ அந்தக் குடும்பத்தின் குறை என்றோ முடிவுகட்டாதீர்கள். புதிய இடத்தில் நாள் முழுக்க மூளை மொழிபெயர்த்துக்கொண்டே இருக்கிறது, அந்தக் களைப்புதான் அது.

அந்த நாட்களில் ஊருக்குப் பேசிக்கொண்டே இருக்கத் தோன்றும். இந்தியாவைவிட ஜப்பான் மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே இரவு ஒன்பது என்றால் இங்கே மாலை ஐந்தரை, வீட்டில் எல்லாரும் இருக்கும் நேரம். ஆனால் தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கதவைச் சாத்தித் தமிழில் இரண்டு மணி நேரம் பேசினால், கொத்தாட்சைச் சுற்றி உங்கள் இடம் காலியாகவே இருக்கும். வாரத்தில் ஒருநாள், ஒரு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை அழுதால் உடனே ‘கிளம்பி வந்துடு’ என்று சொல்லாதீர்கள். இரண்டு வாரம் பொறுங்கள்.

பள்ளியில் புகாட்சு என்ற மன்றம் ஒன்றில் கட்டாயம் சேருங்கள். வில்வித்தை, தேநீர்ச் சடங்கு, கூடைப்பந்து எதுவாகவும் இருக்கலாம். மாலை முழுவதும் அதிலே போய்விடும், நட்பும் அங்கேதான் கிடைக்கும்.

பொறுக்கக் கூடாதவை

பொறுமை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. யாராவது விருப்பமில்லாமல் தொட்டால், போதிய சாப்பாடு தராவிட்டால், உங்களைத் தொடர்ந்து அவமதித்தால், உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு தர மறுத்தால் அன்றே அமைப்பின் உள்ளூர்ப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். ஏஎஃப்எஸ்ஸில் தொடர்பாளர், ரோட்டரியில் ஆலோசகர் என்று ஒவ்வொரு மாணவருக்கும் ஒருவர் இருப்பார். அவர் எண் கைப்பேசியிலும் காகிதத்திலும் இருக்கட்டும். இத்தகைய ஆபத்து எதுவும் இல்லாமல், வெறுமனே ஒத்துப்போகவில்லை என்றாலும் பேசுங்கள். குடும்பம் மாறுவது தோல்வி அல்ல. ரோட்டரியில் ஓராண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் தங்குவதே வழக்கம்.

முதல் வாரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

• எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும்? தாமதமானால் யாருக்குச் செய்தி அனுப்ப வேண்டும்?

• குளிக்கும் வரிசையில் என் முறை எப்போது? எத்தனை மணிக்கு மேல் வாஷிங் மெஷின் போடக் கூடாது?

• குளிர்சாதனப் பெட்டியில் எதை எடுக்கலாம், எதைக் கேட்டு எடுக்க வேண்டும்?

• அறையில் ஊதுபத்தி ஏற்றலாமா? பெரும்பாலான வீடுகள் மரத்தால் ஆனவை, கேட்காமல் நெருப்பு வைக்காதீர்கள்.

• நிலநடுக்கம் வந்தால் எங்கே கூட வேண்டும்? அவசரப் பை எங்கே இருக்கிறது? காவல்துறைக்கு 110, தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் 119. பேரிடர் காலத்தில் குடும்பத்துக்குக் குரல்செய்தி வைக்க 171.

• சைக்கிள் யாருடையது? ஹெல்மெட் உண்டா? குடை பிடித்துக்கொண்டு ஓட்டுவது அங்கே விதிமீறல்.

பதினாறு வயது நிரம்பியவர்கள் வெளியே போகும்போதெல்லாம் குடியிருப்பு அட்டையை உடன் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம். அதையும் வாசலில் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ஓராண்டு முடிந்து கிளம்பும் நாளில் பரிசுகள், புகைப்படங்கள், அழுகை எல்லாம் இருக்கும். அவற்றைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சென்னையிலோ திருச்சியிலோ மதுரையிலோ இறங்கியதும் உறவினர் கூட்டத்துக்கு நடுவே இரண்டு நிமிடம் ஒதுங்கி நின்று, பத்திரமாக வந்து சேர்ந்தேன் என்று அந்த வீட்டுக்குச் செய்தி அனுப்புங்கள். அங்கே நள்ளிரவாக இருந்தாலும் அனுப்புங்கள். நான் அனுப்பியபோது ஜப்பானில் மணி இரண்டரை. ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது.